கைக்குட்டையும் ஹைதராபாத் கமிஷனும்



தமிழ் சினிமாவில் ஆள் கடத்துவது மிகச் சுலபமான காரியம். ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு சின்ன பாட்டில், பின்னாலிருந்து ஒரு கை. கதாநாயகி இரண்டு விநாடி துள்ளுவார், மூன்றாவது விநாடி சாய்ந்துவிடுவார். அடுத்த காட்சியில் குடோன். அந்தப் பாட்டிலில் இருப்பது குளோரோஃபார்ம் என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். அது மூன்று விநாடியில் வேலை செய்யாது என்பது பலருக்குத் தெரியாது. உண்மையில் குறைந்தது நாலைந்து நிமிடமாவது விடாமல் மூச்சில் இழுக்க வேண்டும். அதற்குள் கதாநாயகன் டீ குடித்துவிட்டே வந்து காப்பாற்றிவிடலாம்!

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகளோடு பிழைப்பு நடத்துகிற ஆள். கரைப்பான் டிரம்களுக்கு நடுவே வேலை. புதிதாக வருகிற டிரெய்னி பையன்கள் குளோரோஃபார்ம் லேபிளைப் பார்த்ததும் அந்தக் கைக்குட்டை ஜோக்கைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பு எங்கேயோ இழுத்துக்கொண்டு போய் 1889-ஆம் வருஷத்து ஹைதராபாத்தில் விட்டது. மருத்துவ வரலாற்றில் நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று அங்கே நடந்திருக்கிறது. மனித உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு, கையில் அளவுக்கருவியோடு பதில் தேடினார்கள். அளந்ததெல்லாம் சரியாக இருந்தும் பதில் தவறாகப் போனது. எஞ்சினியர்கள் கேட்க வேண்டிய கதை என்று தோன்றியதால் மலருக்கு எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி நாலு வார்த்தை. குளோரோஃபார்ம் நிறமற்ற, இனிப்பு வாசனையுள்ள திரவம். 61 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். 1831-ஐ ஒட்டி அமெரிக்காவில் சாமுவேல் கத்ரி, பிரான்சில் சுபேரான், ஜெர்மனியில் லீபிக் என்று மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமலேயே கண்டுபிடித்தார்கள். அன்றைக்குச் செய்முறை, சாராயத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து வடித்து எடுப்பது. பிளஸ் டூ லேபில் ஹேலோஃபார்ம் வினை என்று நெட்டுரு போட்டோமே, அதுதான். இன்றைக்கு மீத்தேன் வழியிலும் மெத்தனால் வழியிலும் குளோரின் ஏற்றித் தயாரிக்கிறார்கள். நம் மாநிலத்தில் மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் தயாரிக்கிறது. உலகத்தில் தயாராவதில் பெரும்பகுதி ஆர்-22 என்ற குளிர்சாதன வாயுவுக்கும், அதன் வழியாக டெஃப்லானுக்கும் போகிறது. கொஞ்சம் மருந்துக் கம்பெனிகளுக்குக் கரைப்பானாக வருகிறது. மயக்க மருந்தாக யாரும் வாங்குவதில்லை. ஆனால் ஏறக்குறைய நூறு வருஷம் உலகமே அதை மூக்கில் வைத்துத்தான் ஆபரேஷன் செய்துகொண்டது.

மூன்று விநாடியில் ஏன் மயக்கம் வராது? மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஒழுங்காக எழுதியவர்களுக்குச் சட்டென்று புரியும். மூச்சில் இழுத்த ஆவி நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. குளோரோஃபார்ம் ரத்தத்தில் நன்றாகக் கரையும். சமநிலையில், ஒரு லிட்டர் நுரையீரல் காற்றில் இருப்பதைப்போல எட்டு மடங்குக்கும் மேலாக ஒரு லிட்டர் ரத்தத்தில் இருக்கும். அதாவது ரத்தம் ஒரு பெரிய அப்சார்பர். வருகிறதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், நுரையீரலில் ஆவியின் பகுதி அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். மூளைக்குப் போய்ச் சேர்கிற அழுத்தமும் அதே வேகத்தில்தான் ஏறும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் விஷயம் இதுதான்: ரத்தத்தில் எவ்வளவு குறைவாகக் கரைகிறதோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வரும். இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் செவோஃப்ளுரேனுக்கு இந்த எண் 0.65 தான். அதனால் குழந்தைகள்கூட ஒன்றிரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்கள்.

மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்பது வேறு கதை. 1899-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் மேயரும், 1901-ல் சூரிச்சில் ஓவர்டனும் ஒரு விஷயத்தைத் தனித்தனியாகக் கவனித்தார்கள். ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ, அவ்வளவு வலுவான மயக்க மருந்தாக அது இருக்கிறது. குளோரோஃபார்ம் எண்ணெயில் பிரமாதமாகக் கரையும், அதனால் ஒரு சதவீத அளவிலேயே வேலை முடிந்துவிடும். இப்போது நரம்பு செல்களின் மேலுள்ள சில புரதங்களில், முக்கியமாக காபா என்கிற தடுப்பு ஏற்பிகளில், இவை போய் ஒட்டுகின்றன என்று சொல்கிறார்கள். முழுக்கதை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1846 அக்டோபர் 16-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்து, ஊர் பார்க்க வலியில்லாத ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் நவம்பர் 4-ந் தேதி எடின்பரோவில் பிரசவ டாக்டர் ஜேம்ஸ் சிம்ப்சன், இரண்டு உதவியாளர்களோடு தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குளோரோஃபார்மை முகர்ந்து பார்த்தார். மூன்று பேரும் மேஜைக்கு அடியில் விழுந்தார்கள். இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஈதர் தீப்பிடிக்கும், இருமல் வரும், நிறையத் தேவைப்படும். குளோரோஃபார்முக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு துணியும் பாட்டிலும் போதும். கல்கத்தாவில் 1847 மார்ச்சிலேயே ஈதர் கொடுத்துவிட்டார்கள். குளோரோஃபார்ம் 1848 ஜனவரியில் வந்துவிட்டது. கப்பல் தபால் காலத்தில் எடின்பரோவிலிருந்து கல்கத்தாவுக்குச் சுமார் பத்தே வாரத்தில் ஒரு மருந்து வந்து சேர்ந்திருக்கிறது!

அதே 1848 ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் செத்துப்போனாள். கால் விரல் நகத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு ஒருமுறை ஈதரில் இன்னொரு நகத்தை எடுத்து ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை குளோரோஃபார்ம். பயந்து அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவள், ஓரிரு நிமிடத்தில் போய்விட்டாள். மூச்சு நின்றதா, இதயம் நின்றதா? இந்த ஒரு கேள்வியில் பிரிட்டிஷ் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்து அறுபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டது.

லண்டன் கோஷ்டிக்கு மூத்தவர் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய அதே ஸ்னோதான். ஆவியின் சதவீதம்தான் எல்லாம் என்றார் அவர். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் இதயம் நேரடியாக நின்றுவிடும், ஆகவே அளந்து கொடு என்பது அவர் கட்சி. 1847 ஜனவரியிலேயே, எந்த வெப்பநிலையில் ஈதர் ஆவி காற்றில் எத்தனை சதவீதம் சேரும் என்று ஒரு அட்டவணை வெளியிட்டார். அவருடைய குளோரோஃபார்ம் கருவியில் தண்ணீர் ஜாக்கெட் இருந்தது. நம் பாஷையில், வெப்பநிலை கட்டுப்பாடுள்ள வேப்பரைசர். என்னைக் கேட்டால் முதல் பிராசஸ் கன்ட்ரோல் எஞ்சினியர் அவர்தான். 1853-ல் விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தின்போது அவரே 53 நிமிடம் குளோரோஃபார்ம் கொடுத்தார். ஆனால் அன்றைக்குக் கருவியை எடுக்கவில்லை, கைக்குட்டையில்தான் கொடுத்தார். லேசான அளவு போதும் என்பதால் இருக்கலாம்.

எடின்பரோ கோஷ்டிக்கு ஜேம்ஸ் சைம் என்ற சர்ஜன் தலைவர். கருவியாவது கிருவியாவது, ஒரு துணியில் தாராளமாக ஊற்று, நாடியைப் பார்க்காதே, மூச்சை மட்டும் பார் என்பது அவர் உபதேசம். மூச்சு சரியாக இருந்தால் இதயம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம்.

இந்த இடத்தில் நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளோரோஃபார்மின் வேப்பர் பிரஷரை ஆன்டாயின் சமன்பாட்டில் போட்டால், 10 டிகிரியில் காற்றில் அதிகபட்சம் 13 சதவீதம் ஆவி நிற்கும். 20 டிகிரியில் 21 சதவீதம். நம் கும்மிடிப்பூண்டி மே மாதத்து 35 டிகிரியில் 39 சதவீதம். குளிர்காலத்து எடின்பரோ அறையிலும் வெயில் காலத்து ஹைதராபாத் அறையிலும் ஒரே துணி, ஒரே அளவு மருந்து என்றால் நோயாளிக்குப் போகிற டோஸ் ஒன்றாகவா இருக்கும்? நிஜத்தில் துணி சும்மா நிறைவு நிலையில் நிற்காது. ஆவியாகும்போது அதுவே குளிர்ந்துபோகும், பக்கத்துக் காற்றும் கலக்கும், நோயாளி இழுத்து மூச்சு விட்டால் ஒரு அளவு, அழுதால் ஒரு அளவு. ஆக மொத்தம் என்ன சதவீதம் போகிறது என்று துணி பிடித்திருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மயக்கத்துக்கு வேண்டியது ஒன்றிரண்டு சதவீதம். ஐந்துக்கு மேலே போனால் ஆபத்து. துணி எத்தனை கொடுக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

1880-ல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் ஒரு கமிட்டி விலங்குகளில் சோதித்து, குளோரோஃபார்ம் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் நேராகத் தாக்குகிறது என்று அறிக்கை கொடுத்தது. லண்டன் கட்சிக்கு வெற்றி. அப்போதுதான் நம் கதாநாயகன் வருகிறார்.

எட்வர்ட் லாரி. எடின்பரோவில் சைமிடம் படித்தவர். லாகூரில் இருந்துவிட்டு 1885-ல் ஹைதராபாத் ரெசிடென்சி சர்ஜனாக வந்தார். அங்கே மருத்துவப் பள்ளிக்கும் அவர்தான் தலைவர். குருபக்தி கொஞ்சநஞ்சமல்ல. குருவின் மூச்சுக் கொள்கையை நிரூபித்தே தீருவது என்று இறங்கினார். ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசு பணம் கொடுத்தது. 1888-ல் முதல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் கூடி, நாய்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் மூச்சு முதலில் நின்றது, அதற்குப் பிறகுதான் இதயம் நின்றது. ஆகவே குரு சொன்னது சரி என்று முடிவு.

லண்டனிலிருந்து வரும் லான்செட் பத்திரிகை இதை நம்பவில்லை. இத்தனை வருஷத்து ஐரோப்பிய ஆராய்ச்சியை ஹைதராபாத் புரட்டிப் போட்டுவிடுமா என்கிற தொனியில் எழுதியது. காலனி நாட்டு ஆராய்ச்சி என்றால் ஒரு இளக்காரம் அன்றைக்கு உண்டு. இன்றைக்கும் முழுசாகப் போய்விடவில்லை என்பது வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பிய நண்பர்களுக்குத் தெரியும். நிஜாம் தரப்பில் கொடுத்த பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாதம் செய்யவில்லை. ஆயிரம் பவுன் தருகிறோம், நீங்களே ஒரு ஆளை அனுப்புங்கள், உங்கள் கண் முன்னால் செய்து காட்டுகிறோம் என்றார்கள்.

லான்செட் அனுப்பிய ஆள் சாதாரணமானவர் அல்ல. டி. லாடர் பிரண்டன், நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் கொடுக்கலாம் என்று 1867-ல் கண்டவர், பெரிய மருந்தியல் நிபுணர். குளோரோஃபார்ம் இதயத்தைக் கொல்லும் என்று அதுவரை நம்பியவரும்கூட. 1889 அக்டோபரில் வந்தார். லாரி தலைவர், பிரண்டனோடு பாம்ஃபோர்டும் ருஸ்தம்ஜி ஹகீமும் உறுப்பினர்கள். இரண்டாவது கமிஷன் டிசம்பர் வரை வேலை பார்த்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள்: நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல், குதிரைகூட உண்டு. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு ரத்தக்குழாயில் மானோமீட்டர் இணைத்து, சுழலும் உருளையில் ரத்த அழுத்தக் கோடு வரைந்து, அத்தனை பதிவுகளையும் போட்டோ எடுத்தார்கள். டேட்டா லாகிங் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதை அவர்கள் 1889-லேயே செய்திருக்கிறார்கள்.

முடிவு? பிரண்டன் கட்சி மாறிவிட்டார். ஆபத்து மூச்சுத் திணறலிலும் அதிக அளவிலும்தான், இதயத்தை மருந்து நேரடியாகக் கொல்வதில்லை என்று லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். முழு அறிக்கை 1890-ல் லான்செட்டில் வந்தது. ரத்த அழுத்தம் இறங்குவதை அவர்களே பதிவு செய்திருந்தார்கள், ஆனால் மூச்சு ஒழுங்காக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் இன்னொரு விஷயமும் நடந்தது. லாரி பெண்களைச் சேர்த்துக்கொண்டார். 1885-ல் சேர்ந்தவர்களில் ஒருவர் ரூபா பாய் ஃபுர்தூன்ஜி என்ற பார்சிப் பெண். படித்து முடித்து ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளில் குளோரோஃபார்ம் கொடுப்பதையே தொழிலாகச் செய்தார். உலகத்தின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று இவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1909-ல் எடின்பரோவுக்கே மேற்படிப்புக்குப் போனார். நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹைதராபாத்தைப் பார்த்து நம்மூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அறிக்கையோடு சண்டை முடியவில்லை. 1893-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேஸ்கெல், ஷோர் இருவரும் வேறொரு முறையில் சோதித்து, மருந்து இதயத்தையே நேராகத் தளர்த்துகிறது, ஹைதராபாத் முடிவு சரியில்லை என்று எழுதினார்கள். லாரி அசையவில்லை. சாகிற நோயாளிகளோ செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதுவும் பெரிய ஆபரேஷனில் இல்லை. பல் பிடுங்க, நகம் எடுக்க, சின்ன வேலைக்கு வந்த ஆரோக்கியமான ஆட்கள், மருந்து கொடுக்க ஆரம்பித்த சில நிமிடங்களில்.

இந்தப் புதிரை 1911-ல் விடுவித்தவர் குட்மன் லெவி என்ற ஆங்கில டாக்டர். பூனைகளுக்கு மிக லேசாகக் குளோரோஃபார்ம் கொடுத்து, கொஞ்சம் அட்ரினலின் ஊசி போட்டார். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுநடுங்க ஆரம்பித்தன. ஃபிப்ரிலேஷன் என்பார்கள். துடிப்பு இல்லை, ரத்தம் போகவில்லை, பூனை செத்தது. ஆழமாக மயக்கியிருந்தபோது இப்படி ஆகவில்லை. விஷயம் புரிந்துவிட்டதா? குளோரோஃபார்ம் இதயத்தை அட்ரினலினுக்குக் கூச்சமுள்ளதாக ஆக்கிவிடுகிறது. பயம், அழுகை, திமிறல், அரைமயக்கத்தில் கத்தி படுவது, எல்லாம் உடம்பே அட்ரினலினைக் கொட்டுகிற சமயங்கள். ஹன்னா கிரீனரின் நாற்காலியை நினைத்துப் பாருங்கள். அந்த வகையில் நம் சினிமாக் கைக்குட்டைக் காட்சி இருக்கிறதே, பயந்து திமிறுகிற ஒரு பெண்ணுக்கு லேசாகக் குளோரோஃபார்ம் கொடுப்பது, அதுதான் இந்த மருந்தைக் கொடுப்பதற்கு உலகத்திலேயே மிக மோசமான வழி. டிரெய்னி பையன்களிடம் இதைச் சொன்ன பிறகு ஜோக் நின்றுவிட்டது.

இப்போது ஹைதராபாத்துக்குத் திரும்பிப் பாருங்கள். நானூறு விலங்குகளிலும் பெரும்பாலும் என்ன செய்தார்கள்? மருந்தை ஏற்றிக்கொண்டே போய் ஆழமான மயக்கத்தில் கொன்றார்கள். அந்தப் பாதையில் மூச்சுதான் முதலில் நிற்கும். அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நோயாளிகள் செத்தது அந்தப் பாதையில் அல்ல, ஆரம்பத்து லேசான மயக்கத்தில். ஒரு பம்ப்பை நாலாயிரம் மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது அது ஏன் டிரிப் ஆகிறது என்று கேட்டால் அந்த ரிப்போர்ட்டில் பதில் இருக்குமா? விலங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் பயனில்லை. நாலாயிரம் நாய் என்றாலும் இதே பதில்தான் வந்திருக்கும். லாரியைக் குற்றம் சொல்கிறவர்கள் அவரை முட்டாள் என்பதுபோல் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூச்சுப் பாதையைத் திறந்து வை, இறுக்கமான உடையைத் தளர்த்து, படுக்கவைத்துக் கொடு, மூச்சை ஒரு கணமும் விட்டுவிடாமல் கவனி என்று அவர் சொன்னதெல்லாம் இன்றைக்கும் சரி. நாடியைப் பார்க்க வேண்டாம் என்றதுதான் தப்பு. அதை அத்தனை பிடிவாதமாகச் சொன்னது இன்னும் பெரிய தப்பு. குருவின் பேச்சு முதலிலேயே முடிவாக இருந்தது, சோதனை அதற்குப் பின்னால் வந்தது.

அளவின் கதை இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் வெர்னன் ஹார்கோர்ட் என்ற வேதியியல்காரர், என்ன செய்தாலும் இரண்டு சதவீதத்துக்கு மேல் கொடுக்காத ஒரு கருவியை 1903 வாக்கில் கொண்டுவந்தார். பாட்டிலுக்குள் இரண்டு கண்ணாடி மணிகள். திரவத்தின் வெப்பநிலை மாறினால் அடர்த்தி மாறும், மணிகள் மூழ்குவதையும் மிதப்பதையும் பார்த்துச் சூடு சரியா என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்ஸ் குழு, நூறு வருஷம் கழித்துக் குளோரோஃபார்முக்கு நியாயமான ஒரு மறுவிசாரணை நடத்தி 1951-ல் புத்தகம் போட்டது. அந்த வேலையில் பிறந்ததுதான் லூசியன் மாரிஸின் காப்பர் கெட்டில் என்ற வேப்பரைசர். ஏன் செம்பு? ஆவியாகும்போது திரவம் குளிர்கிறது, குளிர்ந்தால் ஆவி குறைகிறது, டோஸ் நழுவுகிறது. செம்பு சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைச் சட்டென்று கடத்திக்கொண்டு வந்து அதை ஈடுகட்டும். ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்த எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை, ஆனால் தோன்ற நூறு வருஷம் ஆகியிருக்கிறது. ஸ்னோவின் தண்ணீர் ஜாக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மருந்து மட்டும் தப்பிக்கவில்லை. அளந்து கொடுத்தாலும் கல்லீரல் பிரச்சினை இருந்தது. உடம்புக்குள் என்சைம்கள் குளோரோஃபார்மை உடைக்கும்போது ஃபாஸ்ஜீன் உண்டாகிறது. ஆம், முதல் உலகப்போரில் விஷவாயுவாகப் பயன்பட்ட அதே ஃபாஸ்ஜீன். பாட்டிலில் வெளிச்சமும் காற்றும் பட்டாலும் மெதுவாக அதே பொருள்தான் வரும். பழுப்புக் கண்ணாடியில் வைப்பதும், ஒரு சதவீதம் அளவில் எத்தனால் சேர்ப்பதும் அதற்காகத்தான். பாதி டிரம்மை மூடாமல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க. நம் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு வைக்கிற வரம்பு 10 பிபிஎம். மயக்கத்துக்கு வேண்டிய ஒரு சதவீதத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. வாசனை வருகிறது என்றால் வரம்பை எப்போதோ தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

1951-ல் ஐசிஐ கம்பெனியின் சார்லஸ் சக்லிங் ஹாலோதேன் என்ற புது மூலக்கூறைத் தயாரித்தார். ஃப்ளூரின் சேர்த்தால் நிலையாக இருக்கும், தீப்பிடிக்காது என்று யோசித்தே வடிவமைத்தது. 1956-ல் மான்செஸ்டரில் மைக்கேல் ஜான்ஸ்டன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். குளோரோஃபார்மின் சகாப்தம் அத்தோடு ஓய்ந்தது. ஆனால் ஹாலோதேனும் இதயத்தை அட்ரினலினுக்குக் கூச்சப்படுத்துகிற குணத்தை விடவில்லை, அபூர்வமாகக் கல்லீரலையும் தாக்கியது. அதற்குப் பின் ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் என்று வந்தன. 1960-களில் எட்மண்ட் ஈகர் குழு 'மேக்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது: கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்க வேண்டிய சதவீதம். ஹாலோதேனுக்கு 0.75, ஐசோஃப்ளுரேனுக்கு 1.15, செவோஃப்ளுரேனுக்கு ஏறக்குறைய 2. இன்றைய வேப்பரைசரில் ஒரு திருகு, அதில் சதவீத எண்கள், உள்ளே சூடு மாறினால் தானே வழியைக் கூட்டிக் குறைக்கும் இரட்டை உலோகத் தகடு. நோயாளி விடும் மூச்சில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று திரையில் ஓடும். பக்கத்திலேயே இசிஜி கோடு, விரலில் மாட்டிய கிளிப்பில் நாடித்துடிப்பு, மூச்சில் கார்பன் டை ஆக்சைடு. ஸ்னோவும் சைமும் ஒரே மானிட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வழியாகத்தான் ஹைதராபாத் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸ் போகிறது. அந்தப் பக்கம் வேலையாகப் போகிற நண்பர்களுக்கு ஒரு தகவல். லாரி ஆபரேஷன் செய்த அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியை 1908-ல் மூசி நதி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உஸ்மானியா பொது ஆஸ்பத்திரி அதற்குப் பதிலாகக் கட்டியதுதான். ஆனால் லாரி சர்ஜனாக இருந்த ரெசிடென்சி மாளிகை இன்னும் கோட்டியில் நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அதில் மகளிர் கல்லூரி வந்தது. சார்மினாரைப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டோ பிடித்தால் அதிக நேரம் ஆகாது.